சிறு மின்னணுக் கருவிகள் இரண்டைத் தாளத்தில் இணைத்தல்

வோல்கா பீட்ஸ், பாக்கெட் ஆபரேட்டர் போன்ற கையடக்கக் கருவிகளை வைத்து இசையமைப்பவர், ஒலிகளைத் தேடி அலைவதற்கு முன் இரண்டின் காலப்பிரமாணத்தையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது. வோல்காவின் சிங்க் (வேகத்தை ஒத்திசைக்கும் துடிப்பு) வெளியீட்டிலிருந்து மற்றதன் உள்ளீட்டுக்கு 3.5 மி.மீ. கேபிளைச் செருகினால், இரண்டு படிகளுக்கு (படி என்பது தாள வரிசையில் ஓர் ஒலியை வைக்கும் இடம்) ஒரு மின்துடிப்பு வீதம் சென்று பின்தொடரும் கருவியை நடத்தும்; பாக்கெட் ஆபரேட்டரில் சிங்க் முறையைத் தேர்ந்தெடுக்க மறந்தால், அத்துடிப்பே ‘டக் டக்’ என ஒலிக்கும்.

நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு படிகளாக, 16 படிகள் 2 வினாடிகளில் முடிந்துவிடுவதால், எல்லாப் படிகளையும் நிரப்பும் ஆசையை (எல்லோருக்கும் வருவதுதான்) அடக்கி, 1, 5, 9, 13ஆம் படிகளில் மட்டும் பேஸ் டிரம்மை வைத்து, தாழ்சுரங்களை இடைப்பட்ட படிகளில் அமைக்கவும். பிறகு, கருவியில் வடிகட்டிக் குமிழ் (ஒலியின் சில அதிர்வெண்களைக் குறைப்பது) இருந்தால், அதை மெதுவாகத் திருப்பிப் பதிவுசெய்யலாம்.