அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால்: வழக்கை மோசமாக்கும் தவறுகள்

"முதல் தடவைதானே, ஃபைன் கட்டினால் முடிந்துவிடும்." அமெரிக்காவில் டி.யூ.ஐ., அதாவது போதையில் வண்டி ஓட்டிய, வழக்கில் மாட்டுகிற நம் ஆட்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் தவறே இதுதான். அங்கே இது கிரிமினல் வழக்கு. கலிபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தாலே குற்றம். ஊபர், லிஃப்ட் போலக் காசுக்குப் பயணியை ஏற்றிச் செல்பவருக்கு 0.04.

முதல் தடவை என்றால் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், ஆகாது என்பதும் தப்புக் கணக்கு. போதையில் தப்பாக ஓட்டி யாருக்காவது அடிபட்டால், முதல் தடவையிலேயே கலிபோர்னியாவில் ஃபெலனியாகப் பதியலாம். அடிபட்டவர் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த நண்பராக இருந்தாலும் சரி. பத்து ஆண்டுகளுக்குள் நான்காவது வழக்கு என்றால், யாருக்கும் அடிபடாமலேயே 16 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை வரலாம். நியூயார்க்கில் பத்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது தண்டனையே ஃபெலனி.

குழந்தைகள் விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீபாவளி பார்ட்டி முடிகிறது, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், "வீடு பக்கம்தானே" என்று அப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். நியூயார்க்கில் 15 வயது அல்லது அதற்குக் குறைந்த பிள்ளை வண்டியில் இருந்தால், விபத்தே நடக்காவிட்டாலும் அந்தப் பயணம் முதல் தடவையிலேயே ஃபெலனி. 2009இல் வந்த சட்டம் இது. கலிபோர்னியாவில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால் தண்டனையோடு கூடுதல் சிறைநாட்கள் சேரும். குழந்தையை ஆபத்தில் தள்ளியதாகத் தனி வழக்கும் வரலாம். தயவுசெய்து அந்தச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

போலீஸ் நிறுத்தினால் பதற்றத்தில் "ரெண்டு பீர்தான் சார்" என்று வாய்விடுவது அடுத்த தவறு. உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு மூன்றையும் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு குடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மரியாதையாக மறுக்கலாம். ஆனால் கைதான பிறகு எடுக்கும் மூச்சு அல்லது ரத்தப் பரிசோதனையை மறுக்காதீர்கள். கலிபோர்னியாவில் மறுத்த ஒரே காரணத்துக்காக உரிமம் ஓராண்டுக்குப் போய்விடும். மறுத்ததையே வழக்கில் உங்களுக்கு எதிராகவும் பேசுவார்கள்.

கலிபோர்னியாவில் கைதான பிறகு வெளியே விடும்போது கையில் ஒரு இளஞ்சிவப்புத் தாள் தருவார்கள். 30 நாளைக்கு அதுதான் உங்கள் தற்காலிக உரிமம். ஓட்டுநர் உரிமம் தரும் துறையான டி.எம்.வி.யிடம் விசாரணை கேட்க 10 நாள்தான் கெடு என்பதும் அதில் இருக்கும். கோர்ட் தேதி வரட்டும் என்று அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். கோர்ட் வேறு, டி.எம்.வி. வேறு. கெடு தாண்டினால், வழக்கு தொடங்கும் முன்பே உரிமம் முடக்கப்படும் நிலை வந்துவிடும்.

அப்புறம் அரசு வழக்கறிஞரோடு பேரம். 'வெட் ரெக்லெஸ்', அதாவது குடித்துவிட்டு அலட்சியமாக ஓட்டியது, என்று குற்றத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்ததாக நினைப்பார்கள். அடுத்த வழக்கு வந்தால், பத்து ஆண்டு வரை அதுவும் பழைய டி.யூ.ஐ. கணக்கில்தான் சேரும். குடித்து ஓட்டுவது உயிரைப் பறிக்கும் என்று தெரியும் என எழுதிய தாளிலும் கையெழுத்து கேட்பார்கள். அதன் பிறகும் குடித்து ஓட்டி ஒருவர் இறந்தால் அரசு வழக்கறிஞர் கொலை வழக்கே போடலாம். 1981இல் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் திறந்த வழி அது; தண்டனை 15 ஆண்டு முதல் ஆயுள் வரை.

ஹெச்-1பி, மாணவர் விசாக்காரர்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திராமல், கைதானதை வைத்தே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். 2015 முதல் இதுதான் நடைமுறை. விசா ரத்தானாலும் உள்ளே தங்கும் தகுதி பொதுவாக அதனாலேயே போய்விடாது. ஆனால் ஊருக்கு வந்துவிட்டால், புது விசாவும் மருத்துவப் பரிசோதனையும் முடியாமல் திரும்ப முடியாது. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடியேற்றத்தில் என்ன ஆகும் என்று உங்கள் கிரிமினல் வழக்கறிஞரிடமும் கேளுங்கள். அதைச் சொல்வது அவர் கடமை என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

விசா படிவத்தில் 'எப்போதாவது கைதானதுண்டா' என்ற கேள்வி வரும். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் பதில் 'ஆம்'தான். 'இல்லை' என்று எழுதினால், கைதைவிட அந்தப் பொய்தான் பெரிய சிக்கலாகும். தீர்ப்பின் முத்திரையிட்ட நகலைக் கோர்ட்டில் வாங்கி, நேர்காணலுக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.