ட்ரெக்ஷன் விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றாதீர்கள்

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாவில் எங்கள் கராஜ் வாசலில் பெரிய ஜீப்புகள் வரிசைகட்டும். கொழும்பிலிருந்து ரம்பொடை ஏற்றம் முழுக்க ஒழுங்காக ஏறி வந்த வண்டி, தோட்டத்துப் பாதையில் ஒரு தடவை சேற்றில் இறங்கியதும் மூன்று மஞ்சள் விளக்கைக் காட்டும்: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ட்ரெக்ஷன் (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் காப்பது), ஹில் டிசென்ட் (இறக்கத்தில் வேகத்தை அடக்குவது). மூன்றும் சக்கரங்களின் வேகச் சென்சரை நம்பியவை. இந்த சீசனிலும் அப்படி ஒன்று வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடைப் படிக்கும் ஸ்கேனரைக் குத்திப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஏபிஎஸ் யூனிட் போயிருச்சு போல" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையெல்லாம் கட்டுப்படுத்தும் பெட்டிதான் அந்த யூனிட். அதே வார்த்தையை நானும் ஒரு வண்டிக்காரரிடம் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான். இந்த விளக்குகள் எரியும்போது நாங்கள் எங்கே தப்புச் செய்கிறோம், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எரர் கோட்டை உடனே அழிப்பது

எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள். அவ்வளவுதான்.

யூனிட்டை மாற்றுவது

இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு ஜேர்மன் ஜீப்பில். முன் வலது சக்கரத்தின் வேக சிக்னல் இல்லை என்று ஸ்கேனர் சொன்னது. சென்சரை மாற்றினேன். விளக்கு அணைந்தது. வாசலைத் தாண்டி நூறு மீற்றர் போவதற்குள் திரும்ப எரிந்தது. புதுச் சென்சரே பழுதோ என்று இன்னொன்று போட்டேன், அதே கதை. சரி, யூனிட்தான் என்று முடிவு கட்டி, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய யூனிட் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அதை முன்பு கழற்றிய வண்டியின் விவரம் அதற்குள்ளேயே இருந்ததால், இந்த வண்டிக்கு ஏற்ற விவரத்தை ஏற்ற, அதாவது கோடிங் செய்ய, ஆள் தேட வேண்டியதாயிற்று. பிரேக் ஒயில் காற்றெடுத்து முடிக்க மூன்று நாள். ஓட்டினேன். நூறு மீற்றரில் மூன்று விளக்கும் எரிந்தன.

பக்கத்துக் கடையில் பேரிங்கை அழுத்திப் போடும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்யும் பெரியவர் எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீல் பேரிங் எப்ப மாத்துனது?"

வண்டிக்காரரைக் கேட்டால், இரண்டு வாரத்துக்கு முன்னால் வேறு ஒரு கராஜில் மாற்றியதாம். நான் கேட்கவே இல்லை.

இந்த வகை வண்டிகளில், சென்சர் எண்ணுவதற்கென்று இருந்த பழைய காலத்துப் பல் வளையம் இருக்காது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் ஒட்டியிருக்கும். வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வரும் அதன் துருவங்களை வைத்துத்தான் சென்சர் வேகத்தை எண்ணுகிறது. அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கம் மாற்றித் திணித்தாலும் பேரிங் சத்தமில்லாமல் உட்காரும், சக்கரமும் அழகாகச் சுற்றும். சென்சருக்குத்தான் ஒன்றும் தெரியாது. வண்டி நிற்கும்போது கம்ப்யூட்டர் வயர் சுற்றைச் சரிபார்க்கிறது, அது நன்றாக இருப்பதால் விளக்கு அணைகிறது. நகர்ந்ததும் மூன்று சக்கரம் வேகம் சொல்ல, ஒன்று பூச்சியத்தில் நிற்கிறது. அந்த நூறு மீற்றர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். சாவி போட்டதுமே எரிந்து அணையவே மறுத்தால் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். ஓடிய பிறகு எரிந்தால் வளையத்தையும் பேரிங்கையும் பாருங்கள்.

பிரஸ்ஸில் வைத்துக் கழற்றினால் அந்தப் பேரிங் திரும்பப் பாவனைக்கு ஆகாது. புதிது வாங்கினேன். கூலியை விட்டேன், யூனிட் காசும் என் தலையில். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, அதுவும் பெரும்பாலும் என் மேல்தான்.

புதுப் பேரிங்கைப் போடுமுன் ஒரு ஜெம் கிளிப்பை நூலில் கட்டி இரண்டு பக்கமும் காட்டிப் பாருங்கள். காந்தப் பக்கம் லேசாக இழுக்கும். போல்ட் போடும் காந்தத் தட்டில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள், வளையம் கெட்டுப்போகும்.

ஓம்மீட்டரால் சென்சரை அளப்பது

பழைய சுருள் சென்சருக்குச் சரி. இப்போதைய சென்சர் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். 7 மில்லிஅம்பியருக்கும் 14 மில்லிஅம்பியருக்கும் இடையே மாறி மாறிக் காட்டும். ஓம்மீட்டர் வைத்தால் பொய்யான எண் வரும், சில நேரம் சென்சரும் போகும்.

வளைவில் ஓட்டி வேகம் பார்ப்பது

நான்கு சக்கர வேகத்தையும் ஸ்கேனரில் ஒன்றாகப் பார்ப்பதுதான் சரியான முறை. ஆனால் நம்மூர்ப் பாதையில் வெளிப்பக்கச் சக்கரம் எப்போதும் கூடத்தான் சுற்றும். கினிகத்தேனை வளைவுகளில் ஓட்டிவிட்டு "இடது சென்சர் தப்பு" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நான் கிரகரி ஏரி ஓரம் சமமான இடத்துக்குக் கொண்டுபோய், நடக்கிற வேகத்தில் நேராக ஓட்டுவேன். பழைய சுருள் சென்சரில் பலவீனமான சிக்னல் அந்த மெதுவான வேகத்தில்தான் முதலில் அறுபடும்.

டயர்

மூன்று மொட்டை, ஒன்று புதிது என்றால் சுற்றளவு வேறுபட்டு வேகமும் வேறாகத் தெரியும், சென்சரைத் திட்டாதீர்கள்.

டொயோட்டா பிராடோவில் விஎஸ்சி விளக்கு

விஎஸ்சி என்பது வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு. அதோடு எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிகிறதா? முதலில் எஞ்சின் கோட்டைப் பாருங்கள். எஞ்சின் கோளாறு வந்தாலே அந்த வண்டி ட்ரெக்ஷனையும் சேர்த்து நிறுத்திவிடும்.

பையன் சொன்ன வண்டியில் யூனிட்டுக்கு ஒன்றுமில்லை. பின் இடது சக்கரத்துக்குப் போகும் வயர், கிளிப் கழன்று தொங்கி, கல்லில் உரசி, செம்பு வெளியே தெரிந்தது. ஒட்டி, சுருக்குக் குழாய் போட்டு, கிளிப்பையும் மாட்டினான். ஏரிப் பக்கம் போய் வந்தபோது நான்கு எண்ணும் ஒன்றாக ஓடின. பஞ்சிகாவத்தை யூனிட் இன்னும் ராக்கையில் கிடக்கிறது. வாங்க ஆள் இல்லை.