மீட்டர் சோதனைப் பதிவேடு: எதை எழுத வேண்டும், எப்போது எழுத வேண்டும்

மின் மீட்டர்களைச் சோதிக்கும் பல பதிவேடுகளில் சோதனை முடிவு என்ற கட்டத்தில் "மீட்டர் சரி" என்று இரண்டு சொல்லும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கும். மூன்று வருஷம் கழித்து நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் அந்தத் தாளை நீட்டினால் அது எதையும் நிரூபிக்காது. சோதித்தவர் மாற்றலாகிப் போயிருப்பார், மீட்டர் ஸ்கிராப்புக்குப் போயிருக்கும். அன்றைக்கு அங்கே இல்லாத ஒருவர், தாளை மட்டும் வைத்துக்கொண்டு பிழை சதவீதத்தைத் திரும்பக் கணக்கிட்டு அதே விடைக்கு வர முடிந்தால்தான் அது பதிவேடு.

சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். மத்திய மின்சார ஆணையத்தின் 2006 மீட்டர் ஒழுங்குமுறைகள்படி, ஒவ்வொரு நுகர்வோர் மீட்டருக்கும் சுருக்கமான வரலாறு, பொருத்திய நாள், சோதனை, அளவுத்திருத்தம், மாற்றம் பற்றிய விவரங்களை உரிமதாரர் (மின் விநியோக நிறுவனம்) வைத்திருக்க வேண்டும். இடத்திலேயே செய்யும் சோதனை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். ஆய்வகம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் இதோடு ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025-ம் சேரும். கண்ட அளவீட்டைக் கண்ட நேரத்திலேயே எழுத வேண்டும் என்பது அதன் விதி. துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு சாயங்காலம் பதிவேட்டில் "அழகாக" ஏற்றினால், அந்தத் துண்டுச் சீட்டுதான் மூலப் பதிவு. அதைக் கிழித்துப் போடக் கூடாது.

சீலை உடைக்கும் முன்

அதிகம் விட்டுப்போவது இந்தக் கட்டம்தான். சீலை உடைத்த பிறகு பழைய எண்ணைத் தேடினால் கையில் துண்டுதான் இருக்கும். மீட்டர் மூடி, டெர்மினல் மூடி, டெஸ்ட் டெர்மினல் பிளாக், மீட்டர் பெட்டி ஆகிய நான்கு இடத்துக்கும் தனித்தனியாக சீல் எண்ணை எழுதுங்கள். சீல் இல்லாத இடத்தில் கோடு போட்டு விடாமல் "சீல் இல்லை" என்றே எழுதுங்கள். முத்திரை கலைந்திருந்தாலோ கம்பி அறுந்திருந்தாலோ உடைக்கும் முன் போட்டோ எடுத்து, போட்டோவின் எண்ணையும் தாளில் குறியுங்கள்.

பிறகு மீட்டரின் தொடர் எண், தயாரிப்பு, துல்லிய வகுப்பு (எவ்வளவு பிழை அனுமதி என்பதைக் குறிக்கும் எண்), மின்னோட்ட அளவு, மீட்டர் மாறிலி (ஒரு யூனிட்டுக்கு மீட்டர் விளக்கு எத்தனை முறை மின்னும், அதாவது எத்தனை பல்ஸ், என்ற எண்). தொடர் எண்ணைப் பழைய அட்டையைப் பார்த்து எழுதாமல், மீட்டர் முகப்பைப் பார்த்து எழுதுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. யூனிட், அதிகபட்ச டிமாண்ட், மீட்டர் கடிகாரம் காட்டும் நேரம், பக்கத்தில் உண்மையான நேரம் எல்லாம் வரட்டும். நேரவாரிக் கட்டண சர்வீஸில் கடிகாரம் 40 நிமிடம் பிந்தியிருந்தால், மீட்டரின் துல்லியம் சரியாக இருந்தும் பில் தப்பாகும். சி.எம்.ஆர்.ஐ. (மீட்டரில் உள்ள தரவைப் படித்தெடுக்கும் கைக்கருவி) வைத்து டவுன்லோடு செய்வதையும் இப்போதே முடியுங்கள். சுமை விவரத்தை மீட்டர் இடைவெளி விட்டுச் சேமிக்கும் லோடு சர்வே நினைவகம் நிரம்பியதும் பழையது அழிந்துகொண்டே வரும்.

அளவீடு

வகுப்பு 1.0, 10-60 ஆம்பியர் ஒற்றை ஃபேஸ் மீட்டர், மாறிலி ஒரு யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர், பவர் ஃபாக்டர் 1. 10 பல்ஸுக்கு மீட்டர் சொல்லும் ஆற்றல் 10 ÷ 3200, அதாவது 3.125 வாட் மணி. ஒப்பீட்டு மீட்டர் (சரிபார்க்க உடன் வைக்கும் துல்லியமான சோதனைக் கருவி) 3.172 காட்டுகிறது. பிழை: (3.125 − 3.172) ÷ 3.172 × 100 = −1.48%. இந்தப் புள்ளியில் வரம்பு ±1.0%. ஆகவே மீட்டர் மெதுவாக ஓடுகிறது.

தாளில் −1.48 மட்டும் இருந்தால் போதாது. மின்னழுத்தம், மின்னோட்டம், பவர் ஃபாக்டர், பல்ஸ் எண்ணிக்கை, ஒப்பீட்டு மீட்டரின் காட்டி, பிழை என ஆறு பத்தியும் வேண்டும். மைனஸ் குறியை விட்டுவிட்டால் மெதுவான மீட்டர் வேகமான மீட்டராகிவிடும். பில் திருத்தம் தலைகீழாகப் போவது பெரும்பாலும் இந்த ஒரு கோட்டினால்தான்.

பல்ஸ் எண்ணிக்கை ஏன் என்று கேட்பவர்களுக்கு: இதே மீட்டரை 5% சுமையில் பாருங்கள். 0.5 ஆம்பியர், 240 வோல்ட், 120 வாட். மணிக்கு 384 பல்ஸ், ஒரு பல்ஸுக்கு ஒன்பதரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அவசரத்தில் 2 பல்ஸோடு ஸ்டாப்வாட்சை நிறுத்தினால், கை அரை வினாடி தவறினாலே 2.7% பிழை வந்துவிடும். அது மீட்டர் செய்த பிழையல்ல. 10 பல்ஸ் பொறுத்திருந்தால் அது 0.5% அளவுக்கு இறங்கும். பல்ஸை எண்ணியது ஸ்கேனரா, கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்த ஆளா என்பதையும் குறிக்க வேண்டியது இதனால்தான். இந்த 5% புள்ளியில் வரம்பு ±1.5% என்பதையும் அதே வரிசையில் எழுதிவிடுங்கள், அடுத்தவர் தேட வேண்டியதில்லை.

சோதனைக் கருவியின் தொடர் எண், அதன் அளவுத்திருத்தச் சான்றிதழ் எண், அது எந்த நாள்வரை செல்லும் ஆகியவை ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். சான்றிதழ் நேற்றோடு முடிந்திருந்தால், இன்றைய சோதனையை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடலாம்.

இன்னொன்று: ஆய்வகத்துக்குள் வரும்போது என்ன ரீடிங், போகும்போது என்ன ரீடிங். 60 ஆம்பியரில் அரை மணி நேரம் ஓட்டினால் 7.2 யூனிட் ஏறிவிடும். அந்த மீட்டரே திரும்ப வீட்டுக்குப் போனால், பதிவு இல்லாத பட்சத்தில் அதற்கும் வீட்டுக்காரர்தான் பணம் கட்டுவார்.

சி.டி. வைத்த சர்வீஸ்கள்

பெரிய சர்வீஸ்களில் மின்னோட்டத்தை சி.டி.யும் (மின்னோட்ட மாற்றி) மின்னழுத்தத்தை பி.டி.யும் (மின்னழுத்த மாற்றி) குறைத்துத்தான் மீட்டருக்குத் தரும்; மீட்டர் ரீடிங்கை அந்தக் குறைப்புக்கு ஏற்பப் பெருக்கும் எண்தான் பெருக்கல் எண். இங்கே மீட்டர் பிழையைவிடப் பெருக்கல் எண் பிழைதான் பெரும் பணம். சி.டி. 50/5, பி.டி. 11 கிலோவோல்ட்/110 வோல்ட், மீட்டர் 5 ஆம்பியர், 110 வோல்ட் என்றால் 10 × 100, பெருக்கல் எண் 1000. சுமை கூட்டியபோது 100/5 சி.டி. மாட்டிவிட்டு, பதிவேட்டில் 1000-ஐ அப்படியே விட்டால் பாதி மின்சாரம் பில்லுக்கே வராது. சோதனையில் மீட்டர் "சரி" என்றே வரும். ஆகவே எண்ணை மட்டும் எழுதாமல், அது வந்த கணக்கையும், சி.டி.யின் பெயர்ப்பலகையில் கண்ட விகிதத்தையும், சி.டி.யின் பிரைமரி (லைன் பக்கம்), செகண்டரி (மீட்டர் பக்கம்) இரண்டிலும் அளந்த ஆம்பியரையும் எழுதுங்கள். மூன்று ஃபேஸின் மின்னழுத்தமும் கோணமும் தனித்தனியாக வேண்டும். மூன்று ஃபேஸிலும் சமச்சுமை இருக்கும்போது ஒரு ஃபேஸின் மின்னழுத்தம் மீட்டருக்கு வராமல் போனால், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். எந்த நாளிலிருந்து போனது என்பதை டவுன்லோடு செய்த நிகழ்வுப் பட்டியல்தான் சொல்லும்.

முடித்த பிறகு

புதிய சீல் எண்களை இடவாரியாக எழுதி, அதே எண்களை சீல் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். எடுத்தது 10, போட்டது 7, கெட்டது 1 என்றால் மீதி 2 கையில் இருக்க வேண்டும். கணக்கில் வராத ஒரு சீல், பின்னாளில் எந்தத் திருட்டு வழக்கிலும் போய் நிற்கலாம். நுகர்வோரோ அவர் தரப்பு ஆளோ கையெழுத்திட மறுத்தால், மறுத்ததை எழுதிச் சாட்சி ஒருவரின் கையெழுத்தை வாங்குங்கள்.

தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். ஒயிட்னர் கூடாது. கணினியிலும் இதே விதிதான்: பழைய மதிப்பு, மாற்றியவர், மாற்றிய நாள் மூன்றும் தங்காத எக்ஸெல் கோப்பு பதிவேடாகாது.

எத்தனை நாள் வைத்திருப்பது? அடுத்த சோதனை 5 ஆண்டுக்குப் பின்தான் வரலாம் என்பதால் அதற்குக் குறைவாக யோசிக்கவே வேண்டாம். மீட்டர் சர்வீஸில் இருக்கும்வரை அதன் தாள்களும் இருக்கட்டும். வழக்கோ முறையீடோ நிலுவையில் இருந்தால் தாளோடு மீட்டரையும் சீல் வைத்துத் தனி அலமாரியில் வையுங்கள், சர்வீஸ் எண்ணும் முறையீட்டு எண்ணும் எழுதிய அட்டையைக் கட்டி. அந்த அலமாரியின் சாவி யாரிடம் என்பதும் பதிவேட்டில் ஒரு வரி.