அம்மா வெளிநாட்டில், பிள்ளை அப்பாயியிடம்: எடை ஏறும் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போக, தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) அப்பாயியோ அம்மாயியோ வளர்க்கும் பிள்ளை ஒரு வருடத்திலேயே குண்டாகிவிடுவதுண்டு. பசியோடு வளர்ந்த தலைமுறைக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அளந்து பாருங்கள்.

உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். சிறு வயதில் போசாக்குக் குறைந்து உயரம் குன்றிய பிள்ளைகள் தோட்டங்களில் அதிகம் என்பதால், எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எட்டு வயதுச் சிறுமிகள் இருவர், இருவருமே 28 கிலோ என்று வையுங்கள். எடையை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 130 செ.மீ. பிள்ளைக்கு 16.6 வரும், அது சரியான அளவு. 115 செ.மீ. பிள்ளைக்கு 21.2, அந்த வயதுக்கு அது உடற்பருமன். இவளைப் பட்டினி போட்டால் உயரமும் நின்றுபோகும். மாற்ற வேண்டியது சாப்பாட்டின் வகையை.

பிள்ளைக்குப் போடும் சீனியை ஒரு கிழமைக்குத் தனிப் போத்தலில் வைத்துப் பாருங்கள். தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு நாலு தடவை என்றால் சுமார் 40 கிராம். 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே அவ்வளவுதான். பிஸ்கட்டும் சோடாவும் இன்னும் கணக்கில் வரவில்லை. இலங்கையில் விற்கும் சோடாப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை கடைக்கு ஓடும். ஒவ்வொரு கிழமையும் அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள்.

கோதுமை மா ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் இரண்டுமே மாச்சத்து. மூன்று ரொட்டியை இரண்டாக்கி, முட்டை, பருப்பு, நெத்தலி இவற்றில் ஒன்றையும் போஞ்சி அல்லது கீரையையும் சேருங்கள். காலைச் சாப்பாட்டை வெட்டவே கூடாது.

வெளிநாட்டுக் காசில் ஒரு பங்கு கடைக் காசாகவும் சொக்லேட் பார்சலாகவும் பிள்ளைக்கு வருகிறது. பிரிந்திருக்கும் தாயின் ஏக்கம் அது, குறை சொல்லாதீர்கள். அடுத்த பார்சலில் பந்தும் சப்பாத்தும் அனுப்பச் சொல்லுங்கள். மழை நாளில் ஸ்கூல் வேனில் வந்து போனோடு உட்காரும் பிள்ளைக்கும் தினம் ஒரு மணி நேர ஓட்டம், ஆட்டம் வேண்டும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கயிறடித்தாலும் போதும்.

கழுத்தில் வெல்வெட் போன்ற கருமை, குறட்டையின் நடுவே மூச்சு நிற்பது, அடிக்கடி தாகம், உயரம் ஏறாமல் நிற்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். மெலிய வைக்கும் மா, மருந்து எதுவும் வேண்டாம்.

மாதம் ஒரு முறை, அதே தராசில் நிறுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை குறையத் தேவையில்லை. உயரம் ஏற, எடை அப்படியே நின்றாலே வழி சரி.