தூக்கா, ஆயுளா? பயங்கரவாதிகளின் தண்டனை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குண்டு வெடித்த அன்று இரவே "பிடித்துத் தூக்கில் போடு" என்ற குரல் கிளம்பிவிடும். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, செத்தவர்களின் படங்களைப் பார்க்கும் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். சிக்கல் அப்புறம்தான் வருகிறது. குற்றம் நிரூபணமாகி, தண்டனை என்ன என்று முடிவு செய்கிற கட்டத்தில் நாம் பேசுகிற பேச்சில் பாதிக்கு அடிப்படையே கிடையாது. இது இரண்டு தரப்புக்கும் பொருந்தும். நான் ஆயுள் தண்டனைப் பக்கம், அதுவும் வெளியே விடவே விடாத ஆயுள் தண்டனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

"மக்களில் இத்தனை சதவீதம் பேர் தூக்கைத்தான் விரும்புகிறார்கள்" என்று ஓர் எண்ணை எடுத்து வீசுவதற்கு முன்னால், அந்த மக்களிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2019-ல், கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது 56 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே ஆண்டு, மரண தண்டனை, பரோலே (அதாவது முன்கூட்டிய விடுதலையே) கிடையாத ஆயுள் தண்டனை, இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் ஆயுளைச் சொன்னார்கள். நாடு அதே, ஆண்டும் அதே, மாற்று வழி ஒன்றை எதிரில் வைத்ததும் பதில் புரண்டுவிட்டது. இது மறுபக்கமும் புரளும். ஓக்லஹோமா நகரில் 1995-ல் 168 பேரைக் கொன்ற திமோத்தி மெக்வேயை 2001-ல் கொல்வதற்கு முன் எடுத்த கணிப்பில் சுமார் 80 சதவீதம் பேர் அவனைக் கொல்லலாம் என்றார்கள், பொதுவாக மரண தண்டனையே வேண்டாம் என்று சொல்கிறவர்களில் பலரும் அதில் சேர்த்தி. ஆனால் பயங்கரவாதி என்றாலே எல்லோரும் தூக்குதான் கேட்பார்கள் என்றும் முடிவுகட்ட முடியாது. பாஸ்டன் மாரத்தானில் 2013-ல் குண்டு வைத்த ஜோகர் சர்னாயேவுக்கு மரண தண்டனை வேண்டாம், ஆயுள் போதும் என்றுதான் அடிபட்ட அந்த நகரத்து மக்களில் பெரும்பாலோர் கணிப்புகளில் சொன்னார்கள்.

அடுத்து, "ஆயுள்னா பதினாலு வருஷம், அப்புறம் வெளியே வந்துடுவான்" என்கிற நம்பிக்கை. இதை நம்பித்தான் பல பேர் தூக்கைக் கேட்கிறார்கள், அதனால் இதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு பேசிப் பயனில்லை. இந்தியச் சட்டத்தில் ஆயுள் தண்டனை என்றால் வாழ்நாள் முழுவதும் சிறை. மரண தண்டனைக்கும் இடம் உள்ள குற்றத்தில் ஆயுள் பெற்ற ஒருவரை, அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்க நினைத்தாலும் 14 ஆண்டுகளாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணின் கதை. அது கீழ் எல்லை, விடுதலைத் தேதி இல்லை. போதாக்குறைக்கு, அரசின் தண்டனைக் குறைப்புக்கே இடமில்லாதபடி சாகும்வரை சிறை என்று உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளிக்கலாம் என்று 2015-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரைவிக்குக் கிடைத்த 21 ஆண்டுத் தண்டனையையும் இதே மாதிரி தவறாகப் படிக்கிறார்கள். அவன் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதும்வரை அதை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கொண்டே போகலாம், 2022-ல் அவன் கேட்ட பரோலும் மறுக்கப்பட்டது. நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனுக்கு 2020-ல் பரோலே இல்லாத ஆயுள், அந்த நாட்டில் அதுவே முதல் முறை.

"பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காவது தூக்கு வேண்டாமா?" என்று கேட்கிறவர்கள், அந்தக் குடும்பங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாஸ்டனில் எட்டு வயது மகனைப் பறிகொடுத்த பெற்றோர், மகளும் காலை இழந்திருந்த நிலையில், 2015-ல் வெளிப்படையாக எழுதிக் கேட்டது மரண தண்டனையைக் கைவிடுங்கள் என்பதைத்தான், ஏனென்றால் மேல்முறையீடு மேல்முறையீடாக அந்த நாளைத் திரும்பத் திரும்ப வாழ வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் ஆனது: 2015-ல் மரண தண்டனை, 2020-ல் ரத்து, 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது, அதற்கு அப்புறமும் வழக்கு தீரவில்லை. தூக்கைக் கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்களின் கோபத்துக்கு முழு நியாயமும் இருக்கிறது. அவர்கள் சார்பில் நாம் பேசாமல் இருந்தால் போதும்.

தூக்கு என்றால் விஷயம் சீக்கிரம் முடியும் என்பதும் இதோடு ஒட்டிய தவறு. செப்டம்பர் 11 தாக்குதல் வழக்கில் ஜக்காரியாஸ் மூசாவிக்கு 2006-ல் ஆயுள், மேல்முறையீடும் 2010-ல் தள்ளுபடியாகி முடிந்தது. அதே தாக்குதலின் மூளை என்று சொல்லப்படும் காலித் ஷேக் முகமது 2003-ல் பிடிபட்டவர், மரண தண்டனை கோரப்பட்ட வழக்கு. சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலங்கள் வழக்கையே சிக்கலாக்கிவிட, 20 ஆண்டுகள் தாண்டியும் முழு விசாரணை தொடங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் என்று 2024-ல் போட்ட ஒப்பந்தத்தையும் அமெரிக்க அரசே இரண்டே நாளில் திரும்பப் பெற்றது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் படுவது, சந்தேகமே இல்லாத ஒரு வழக்கை மனதில் வைத்துக்கொண்டு எல்லா வழக்குகளுக்கும் சட்டம் பேசுவது. "கசாப்பைத் துப்பாக்கியோடு உலகமே பார்த்ததே" என்பார்கள். உண்மை. ஆனால் அதே 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் வரைபடம் போட்டுக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்கள் நிரபராதிகள் என்று விடப்பட்டார்கள், கசாப்பின் தூக்கை 2012-ல் உறுதி செய்த அதே தீர்ப்பு அவர்களின் விடுதலையையும் உறுதி செய்தது. பயங்கரவாத வழக்குகளில் பெரும்பாலும் மாட்டுகிறவர்கள் இந்த இரண்டு பேர் மாதிரி ஆட்கள்தான், சிம் கார்டு வாங்கிக் கொடுத்தான், வீடு பார்த்துக் கொடுத்தான் என்று. நாடே கொதிக்கும்போது போலீஸின் மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் தடா, பொடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றன. அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் மூன்று பேருக்குத் தூக்கு. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையுமே விடுதலை செய்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது, மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தந்து, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பிரிட்டனில் 1974-ல் 21 பேர் செத்த பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காகச் சிறைக்குப் போன ஆறு பேர் 1991-ல்தான் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்ததால்தான் அது முடிந்தது. உண்மையில் குண்டு வைத்தவர்கள் யாரும் அந்த வழக்கில் தண்டிக்கப்படவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பயம் காட்டும், பாடம் புகட்டும் என்ற வாதத்தில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை, வெடிகுண்டை உடம்பில் கட்டிக்கொண்டு வருகிறவனைத் தூக்குக் கயிற்றைக் காட்டி மிரட்ட முடியாது.

இப்போது என் பக்கத்துத் தவறுகள். "தூக்கில் போட்டால் தியாகி ஆகிவிடுவான்" என்று நாங்கள் விதி மாதிரிச் சொல்கிறோம். டப்ளினில் 1916 மே மாதம் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சித் தலைவர்களைச் சுட்டுக் கொன்றபோது அயர்லாந்தின் மக்கள் மனநிலையே திரும்பியது என்பது சரி, மெக்வேயைக் கொன்றபோது அப்படி ஒன்றும் நாடு திரும்பவில்லை. கொல்லப்படுகிறவனுக்குப் பின்னால் ஒரு பெரிய மக்கள் கூட்டமும் அதன் குறையும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. இன்னொன்று, உயிரோடு வைத்திருந்தால் ஆட்களைக் கடத்தி அவனை மீட்பார்கள் என்ற கேள்வியை நாங்கள் தட்டிக்கழிக்கிறோம். இஸ்ரேலில் நான்கு ஆயுள் தண்டனை பெற்ற ஹமாஸ் இயக்கத்தின் யாஹ்யா சின்வார், 2011-ல் கடத்தப்பட்டிருந்த ஒரே ஒரு இஸ்ரேலியச் சிப்பாய்க்காக விடுவிக்கப்பட்ட 1,027 பேரில் ஒருவர். அதே சின்வார்தான் இஸ்ரேல் மீதான 2023 அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டார் என்பதும் உலகறிந்த விஷயம். இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. கைதியைப் பரிமாறுவதா வேண்டாமா என்பது அரசின் முடிவு, அதற்கான கடிவாளத்தை அங்கே போட வேண்டும் என்பதுதான் என் வாதம், ஆனால் எதிர்த் தரப்பின் பலமான வாதம் இதுதான் என்பதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

"பயங்கரவாதிகளுக்கு மட்டும்தானே கேட்கிறோம்" என்பவர்கள் பாகிஸ்தானைப் பார்க்கலாம். 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளிக் குழந்தைகள் கொல்லப்பட்டதும், நிறுத்தி வைத்திருந்த தூக்கைப் பயங்கரவாத வழக்குகளுக்கு மட்டும் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்றே மாதத்தில், 2015 மார்ச்சில், மரண தண்டனைக்குரிய எல்லாக் குற்றங்களுக்கும் அது நீண்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்றவர்கள் இல்லை.