தூண்டில் போடப் போகிறவர்கள் குளத்துக்கு உரம் போடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் தூண்டில் போட இடத்துக்குப் பஞ்சமில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் போக, ஊருக்கு ஊர் குளம். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். அப்புறம்தான் பெரிய தவறு தொடங்குகிறது.

மீன் கூடட்டும் என்று கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் கைநிறைய அள்ளி வீசுகிறோம். இதே புண்ணாக்கைத்தான் தென்னைக்கு உரமாக வைக்கிறோம். ஒரு கிலோவில் சுமார் 70 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்). கொஞ்சம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உண்டு. தின்னாத மிச்சம் அடியில் அழுகிக் கரையும். மீன் தின்றதிலும் பெரும்பகுதி கழிவாகத் தண்ணீருக்கே திரும்பும். நன்னீரில் பாசி மிஞ்சிப் போகாமல் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மணிச்சத்தின் பற்றாக்குறைதான். அதை நாமே கொண்டுபோய்க் கொட்டலாமா?

சாக்கடையும் தோட்டத்து உரமும் சேர்க்கும் சத்தோடு பார்த்தால் நம் பங்கு சிறியதுதான். ஆனால் பங்குனி வெயிலில் வற்றிக் கிடக்கும் சின்னக் குளம் அதையும் தாங்காது.

இரையை வீசாமல் முள்ளில் வையுங்கள். புண்ணாக்குப் பொடியை மைதாவோடு கெட்டியாகப் பிசைந்து, முள் மறையும் அளவுக்கு உருட்டினால் போதும். கரையோரத் தண்ணீரில் ஓர் உருண்டையைப் போட்டுப் பாருங்கள். உடனே கலங்கிக் கரைந்தால் இன்னும் மாவு சேர்க்க வேண்டும். மண்புழு என்றால் இந்தக் கவலையே இல்லை. மிஞ்சிய மாவைத் தென்னை மூட்டில் போடுங்கள். மீன் குடலையும் செதிளையும் குளத்தில் அலசிவிடாமல் வாழை மூட்டில் புதையுங்கள்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், ‘இன்று நல்ல வேட்டை’ என்று நினைப்பது இன்னொரு தவறு. அவை மூச்சுத் திணறுகின்றன. பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அதுவும் சுவாசிக்கும். அடியில் அழுகுவதும் ஆக்சிஜனைத் தின்னும். விடியும் முன்தான் தட்டுப்பாடு அதிகம். அன்று தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் குத்தகைக்காரரிடமோ ஊராட்சியிலோ சொல்லுங்கள். பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் ஆடை படர்ந்திருந்தால் அது நச்சுப் பாசியாகவும் இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடிக்க விடக் கூடாது, அங்கே பிடித்த மீனையும் சமைக்க வேண்டாம்.

தொட்டியில் வளர்த்த கெண்டையைக் குளத்தில் விடாதீர்கள். சாதாக் கெண்டை சேற்றைக் கிளறி, அடியில் படிந்த மணிச்சத்தை மறுபடி மேலே கொண்டுவரும். வலையில் ஒட்டிய ஆகாயத்தாமரைத் துண்டையும் அடுத்த குளத்துக்குப் போகும் முன் உதறிக் காயவிடுங்கள்.