கோயசைட் தேடுகிறீர்களா? முதலில் குவார்ட்ஸைப் பாருங்கள்

விண்கல் மோதிய பாறை கையில் கிடைத்ததும் பலரும் நேரே கோயசைட்டையும் ஸ்டிஷோவைட்டையும் (கடும் அழுத்தத்தில் குவார்ட்ஸின் அணு அடுக்கு மாறி உருவாகும் கனிமங்கள்) தேட ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டுமே மிக நுண்ணிய மணிகள், பாறையில் அவற்றின் அளவும் மிகக் குறைவு. அதனால் சாதாரண குவார்ட்ஸ் அந்த அதிர்ச்சியில் என்ன ஆனது என்று பார்ப்பதில் தொடங்குங்கள்.

பாறையை 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். குவார்ட்ஸ் மணிக்குள் நேரான, ஒன்றுக்கொன்று இணையான, மிக நெருக்கமான கோடுகள் தெரிகின்றனவா? ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்கும் மெல்லியதாக, ஒரே மணியில் இரண்டு மூன்று திசைகளில் வெட்டிக்கொண்டு போனால் மோதலுக்கு நல்ல அறிகுறி. பூமிக்குள் மெதுவாக நசுங்கிய குவார்ட்ஸிலும் கோடுகள் உண்டு. ஆனால் அவை தடித்து, லேசாக வளைந்து, பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் இரண்டு வாரம் தவறான பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோடுகளின் கோணத்தைப் படிக அச்சோடு ஒப்பிட்டு அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அளக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்து, மைக்ராஸ்கோப்பின் இரண்டு ஒளி வடிகட்டிகளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து (குறுக்கு போலராய்டு) மேடையைச் சுற்றும்போது முழுக்க இருட்டாகவே இருக்கும் மணிகளைத் தேடுங்கள். உருகி ஓடாமல், மணியின் பழைய வடிவம் கெடாமலே கண்ணாடியாகிப்போன குவார்ட்ஸ் அது. அதற்குள் பழுப்பு மஞ்சளாக, மேலெழும்பி நிற்பதுபோல் ஒரு நுண்திரள் தெரிந்தால், கோயசைட்டாக இருக்கலாம்.

எனக்கு இன்றும் வியப்பு தருவது அழுத்தக் கணக்குதான். ஆய்வுக்கூடத்தில் நிதானமாக அழுத்தினால் 3 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) வாக்கில் கோயசைட் வந்துவிடும், ஸ்டிஷோவைட்டுக்கு அதைவிட மிக அதிகம் வேண்டும். மோதலில் வரிசை தலைகீழ். கெட்டியான பாறையில் ஸ்டிஷோவைட் 12 முதல் 15 கிகாபாஸ்கல் அளவிலேயே தென்படும், கோயசைட்டுக்கு 30-ஐத் தாண்ட வேண்டும். ஸ்டிஷோவைட் அழுத்தம் ஏறும்போதும், கோயசைட் அழுத்தம் இறங்கும்போதும் உருவாவதாகச் சொல்கிறார்கள். ஒரு நொடிகூட நீடிக்காத அதிர்வலையில் அணுக்களுக்கு அடுக்கை மாற்றிக்கொள்ள அவகாசம் மிகக் குறைவு.

அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கல் மோதி உண்டான பாரிஞ்சர் பள்ளத்து மணற்கல்லில் கோயசைட்டை எட்வர்ட் சாவோவும் யூஜீன் ஷூமேக்கரும் சகாக்களும் 1960-ல் அறிவித்தார்கள். 1962-ல் அங்கேயே ஸ்டிஷோவைட்டும் கிடைத்தது. ஜெர்மனியின் ரீஸ் பள்ளம் எரிமலையால் வந்ததல்ல, மோதலால் வந்தது என்று முடிவானதும் கோயசைட்டால்தான். ஆனாலும் கோயசைட்டை மட்டும் வைத்து மோதல் என்று அடித்துச் சொல்லாதீர்கள். பூமியின் ஆழத்துக்குப் போய்த் திரும்பிய உருமாறிய பாறைகளிலும் அது இருக்கிறது.

சரி, உறுதி செய்வது எப்படி? ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி கனிமத்தில் பட்டுச் சிதறுவதை அளக்கும் முறை) முக்கிய உச்சிகள் குவார்ட்ஸுக்கு 464, கோயசைட்டுக்கு 521, ஸ்டிஷோவைட்டுக்கு 753 என்ற அலையெண்களில் (செ.மீ.⁻¹) வரும். எக்ஸ்ரே முறையும் உண்டு. ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் குவார்ட்ஸ் கரைந்துவிடும், ஸ்டிஷோவைட் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மிச்சத்தை எக்ஸ்ரேயில் வைத்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த அமிலம் உயிரைக் குடிக்கக்கூடியது. பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதைத் தொடவே கூடாது.

எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையாக இருந்தால் குவார்ட்ஸ் கிடைக்காது. மகாராஷ்டிராவின் லோனார் பள்ளம் அப்படிப்பட்டது. அங்கே பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கண்ணாடியாக மாறிய மாஸ்கலினைட்டைத் தேடுங்கள்.

அப்புறம் ஒன்று: ராமன் அளக்கும்போது லேசரைக் குறைத்தே தொடங்குங்கள். ஸ்டிஷோவைட் சூடு தாங்காது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியாகிவிடும்.